காந்தம் ஒட்டாத இடங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்ன மகள் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்காவும் நலம். சித்தப்பா தேவைக்கு அதிகமாகவே நலம். உங்கள் கார்தான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து நீங்கள் பேசும் எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் சித்தப்பா பேசுகிறார். ஒன்றரை நிமிடம் அம்மா, எல்லாரும் நல்லாருக்கோம், நீங்க உடம்பைப் பாத்துக்குங்க என்று சொல்கிறாள். என் முறை வரும்போது நல்லாப் படிக்கிறியா என்று கேட்கிறீர்கள். படிக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விடுகிறது. போட்டோ அனுப்பக்கூடிய போனும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. அதனால்தான் காகிதம்.

அக்கா கல்யாணத்துக்கு நீங்கள் வர முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, லீவு கேட்டிருக்கேன், பாக்கலாம், நான் வர முடியாமப் போனாலும் என் வண்டி இருக்கில்ல, என் பொண்ணு அதுலதான் புகுந்த வீட்டுக்குப் போகணும் என்று சொன்னீர்கள். சித்தப்பா அதை அன்றே தெரு முழுவதும் சொல்லிவிட்டார். அண்ணன் கார், நான் புதுசாக்கிக் காட்டறேன் என்று சபதம் வேறு. அக்கா உள்ளே போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை இன்னொரு தடவை கழுவினாள்.

சித்தப்பாவுக்கு இந்த வேலையில் உள்ள தகுதி உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பெயின்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கிறார். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் உள்ள குறைகளெல்லாம் இரண்டு கோட் பெயின்டில் தீர்ந்துவிடக்கூடியவை. தார்ப்பாயை விலக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, வெள்ளையா, தந்த நிறமா என்பதுதான்.

நான் நூலகத்திலிருந்து கார் உடற்பகுதி பழுதுபார்ப்பது பற்றிய புத்தகம் ஒன்று எடுத்து வந்தேன். எனக்கு முன் அதை யாரும் எடுத்ததில்லை, உள்ளட்டையில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது மழையில் விடுவதைவிடக் கெடுதல் என்று அதில் இருக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கிவிடுமாம். துரு வெளியே காசளவு தெரிந்தால் உள்ளே தட்டளவு இருக்குமாம். எட்டு வருடம் நாம் காரைப் பத்திரமாக மூடி வைத்திருந்தோம் அப்பா.

டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தேன். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் தரை தெரிகிறது. கதவுகளுக்கு அடியில் நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடுகிறதே, ஏறும்போது கால் வைப்போமே, அந்தப் படிப்பெட்டி இரண்டு பக்கமும் அரித்துப் போயிருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம் அடியில் கார் முழுவதையும் தாங்கும் சேஸ். இடது பின்சக்கரத்துக்கு முன்னால், சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் வில்பட்டையைச் சேஸில் மாட்டியிருக்கும் இடத்தில், ஸ்க்ரூ டிரைவரை லேசாக வைத்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

இதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். ஏண்டி, நல்லா இருந்த வண்டியைக் குத்திக் குத்தி ஓட்டை போடறியே, உனக்கே நல்லாருக்கா என்று கேட்டார். ஸ்க்ரூ டிரைவரையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஓட்டைக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே கம்பி வலை வைத்து, அதன்மேல் பட்டி பூசினார். சுவரில் ஆணி பிடுங்கிய இடத்தை அடைப்போமே, அதே மாதிரி. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்ப்பதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு வழவழப்பு.

பள்ளியில் பரிசாகக் கொடுத்த லாடக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கார் முழுவதும் வைத்துப் பார்த்தேன். இரும்பு இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளும், பட்டி இருக்கும் இடத்தில் விழுந்துவிடும். இடது பக்கத்தில் மட்டும் பதினொரு தடவை விழுந்தது. இந்தத் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து புள்ளி வைத்திருக்கிறேன். சித்தப்பா உங்களுக்கு அனுப்புகிற போட்டோ எல்லாம் வலது பக்கத்திலிருந்து எடுத்தவை என்பதைக் கவனித்தீர்களா?

தெருமுனையில் இரும்புக் கேட் செய்யும் அக்காவை நானே கூப்பிட்டு வந்தேன். எல்லாரும் அவரை கேட் அக்கா என்றுதான் சொல்வார்கள். சுத்தியலால் நாலு இடத்தில் தட்டினார். இத்துப்போனதை வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணணும், மூணு மாசமாவது ஆகும், கல்யாணத்துக்கு இது ஆகாது என்றார். கேட்டு அடிக்கறவங்களுக்கு காரைப் பத்தி என்ன தெரியும் என்று சித்தப்பா சிரித்தார். கேட்டா இருந்தாக்கூட திறந்தா மூடணும் சார் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா புகுந்த வீட்டுக்குப் போக வேண்டியது மலைப்பாதை. முப்பத்தேழு வளைவு. ஏதாவது ஒரு வளைவில் அந்த வில்பட்டை சேஸைப் பிய்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. அதை நான் வரையவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் ஒரே வாக்கியம் சொல்லுங்கள், கல்யாணத்துக்கு அந்த வண்டி வேண்டாம் என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் பெரிய இன்ஜினியரு என்கிறார்.

வெளிநாட்டுத் தபால்தலை சித்தப்பாவின் கடைக்குப் பக்கத்து அஞ்சலகத்தில்தான் கிடைக்கிறது. அவரே வாங்கி ஒட்டிப் போட்டுவிடுவதாகச் சொன்னார். பிறர் கடிதத்தைப் பிரிப்பது அநாகரிகம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சின்ன மகள்

&nbsp;

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. நலம் என்பதற்கு அதற்கு மேல் எனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை, போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போன வாரம், போட்டோ பாத்தேன், வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சே என்று சித்தப்பாவிடம் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. பதினொரு புள்ளி வைத்து ஒருத்தி வரைந்து அனுப்பியதைவிட, வலது பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோவை நம்புவது எளிதாகத்தான் இருக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி. இதை எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

கேட் அக்கா சொன்னது சித்தப்பாவைக் குத்திவிட்டது போலிருக்கிறது. நாமளும் வெட்டி ஒட்டுவோம்டி, பாக்கறியா என்று இரும்பு வெட்டும் கிரைண்டரை வாடகைக்கு எடுத்து வந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். நடுவில் எதுவும் வைக்கவில்லை. படிப்பெட்டியை வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு பண்ணி வாசலை விறைப்பாக்க வேண்டும், ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும் என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். அவர் கிரைண்டரைப் போட்டார். நான் இன்னும் சத்தமாகப் படித்தேன். எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

காலையில் இடது பெட்டி, பத்து மணிக்குள் வலது பெட்டி. இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கார் நடுவில் தொய்ந்திருந்தது, பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி. ஸ்கேல் வைத்து அளந்தேன், ஒன்றரை விரல். நாலு கதவில் ஒன்றுகூட மூடவில்லை. மேல் மூலையில் போய் இடித்து நின்றது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். சித்தப்பா கதவு கோணல் என்றார். பழைய காலத்துக் கதவு, அப்பவே சரியாச் செய்யலை என்றார். தொய்ந்த காரை நிமிர்த்துவதற்குப் பதிலாக, நாலு கதவின் மேல் மூலையையும் அரத்தால் தேய்த்துச் சின்னதாக்கினார். முப்பது வருடம் ஒழுங்காக மூடித் திறந்த கதவுகள் அப்பா. இப்போது ஓங்கி அறைந்தால் மூடும். பிறகு திறக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து ஒருவர் உதைக்க வேண்டும்.

வெட்டி எடுத்த பெட்டிக்குப் பதில் என்ன வைத்தார் என்று கேளுங்கள். கடையிலிருந்து காலிப் பெயின்ட் டின்களைக் கொண்டுவந்து, வெட்டி விரித்து, தட்டி, ரிவிட் அடித்துவிட்டார். இடைவெளியில் பேப்பர், மேலே பட்டி, அதற்கு மேல் தந்த நிறம். படுத்துப் பார்த்தால் உள்பக்கத்தில் இப்போதும் படிக்கலாம். நன்றாகக் கலக்கிய பின் உபயோகிக்கவும்.

பெயின்ட் அடித்த அன்று தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு வாத்தியார், கண்ணாடி மாதிரி இருக்குப்பா என்றார். சித்தப்பா சீப்பை எடுத்து, பானட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடியில் முகம்தான் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். உங்கப்பா இருந்தா இதெல்லாம் அவரு பாப்பாரு, இல்லாதப்ப இருக்கறவர் செய்யறாரு, வாயை மூடிக்கிட்டு இரு என்றாள். அம்மா சொன்னதில் ஒரு பாதி மட்டும் சரி. எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும்.

அக்காவிடம் வேறு காரில் போ என்று கெஞ்சினேன். படத்தைக் காட்டினேன், கடைசியாக அந்த மலைப்பாதைப் படத்தையும் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அப்பா சொல்லிட்டாரு, நான் அதுலதான் போவேன் என்றாள். சாயங்காலங்களில் தனியாகப் போய் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை, சாத்தினால் திறக்காது என்பதால். உங்கள் வாக்கை உங்களைத் தவிர யாராலும் மாற்ற முடியாது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள். நேரமில்லை என்றால் நீளமாக எழுத வேண்டாம். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும்.

இதையும் சித்தப்பாவிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

நன்றாகப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகள்

&nbsp;

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த உறையில் மூன்று கடிதங்கள் இருக்கின்றன. அழுக்காக இருக்கும் இரண்டையும் முதலில் படித்துவிட்டுப் பிறகு இதைப் படியுங்கள். முதல் கடிதத்தில் அங்கங்கே பட்டி ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். இரண்டாவதின் ஓரத்தில் இருப்பது தந்த நிறம், அது போகாது.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சித்தப்பா வண்டி காட்டும் விழா வைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். சம்பந்தி அரசு பஸ் ஓட்டுபவர், அந்த மலைப்பாதையில்தான் இருபத்திரண்டு வருடமாகப் போய் வருகிறார். சித்தப்பா தலையை நன்றாக வாரி, வலது பக்கமாக நின்று பேசினார். இது வெறும் கார் இல்லீங்க, எங்க அண்ணனோட மனசு என்றார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். டயர் பஞ்சரானா எப்படி மாத்தறது சித்தப்பா, ஒரு தடவை மாத்திக் காட்டுங்க என்றேன். இவ ஒருத்தி, நல்ல நேரத்துல வாயைத் திறப்பா என்றார். ஆனால் சம்பந்தி, பொண்ணு கேக்கறது சரிதானுங்க, மலைல டயர் போனா யாரும் வர மாட்டாங்க, ஜாக்கி எங்க வைக்கறீங்க பாப்போம் என்று இடது பக்கம் நடந்தார். முதன்முதலாக ஒருவர் இடது பக்கம் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பின்சக்கரத்துக்கு முன்னால், சேஸுக்கு அடியில் ஜாக்கியை வைத்தார்கள். சித்தப்பா கைப்பிடியைச் சுற்றினார். ஜாக்கி உயர்ந்தது. கார் உயரவில்லை. இன்னும் சுற்றினார். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. பட்டி ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, கம்பி வலை தொங்கியது, வில்பட்டை இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது. ஓட்டைக்குள் இருந்த காகிதச் சுருள் உருண்டு வந்து சம்பந்தியின் செருப்பில் நின்றது.

அது செய்தித்தாள் இல்லை. கோடு போட்ட தாள். குனிந்தபோதே என் கையெழுத்து தெரிந்தது. அன்புள்ள அப்பாவுக்கு.

எந்த ஓட்டையைப் பற்றி எழுதினேனோ, அந்த ஓட்டையிலிருந்து பழைய பேப்பரை எடுத்துவிட்டு என் கடிதத்தைத் திணித்துப் பூசியிருக்கிறார் அப்பா. உறை இல்லை. பிரித்துப் படித்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார். சித்தப்பா தேவைக்கு அதிகமாகவே நலம் என்ற வரிக்கு அடியில் கடைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. கேட்டதற்கு, கைக்குக் கிடைச்ச பேப்பரை வச்சேன், இதுக்குப் போயி என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

அவரை நான் என்ன சொல்வது? அவரைப் பற்றிய புகாரை மடித்து, ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தவள் நான். அதுவும் இரண்டு தடவை. நூலகத்துப் புத்தகமெல்லாம் படித்து என்ன பயன்!

அக்கா அந்தத் தாளை வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, ரெண்டாவது எங்க என்றாள். சித்தப்பா சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அவளே எடுத்து என்னிடம் கொடுத்தாள். காந்தம் வைத்து, விழுந்த இடங்களிலெல்லாம் குத்திப் பார்த்தேன். படிப்பெட்டியில், டின் தகரத்துக்குப் பின்னால் கிடைத்தது; ஒரு ரிவிட்டைக் கழற்றி உள்ளே தள்ளி, மேலே மறுபடி தந்த நிறம் அடித்திருக்கிறார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அம்மாகூடத் தடுக்கவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் போன பிறகு சித்தப்பா காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் எனக்குப் பாவமாக இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னொரு தடவை பட்டி வச்சு மேல ஒரு கோட் அடிச்சா தெரியாதுடி என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதியது தவறு. நீங்கள் என் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தீர்கள் என்று நினைத்தேன். அந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் அடிக்கவில்லை. மேலே ஒன்றைப் பூசி மறைக்கிற வேலை இந்த வீட்டில் போதும் போதும் என்றாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட் அக்கா திங்கள்கிழமை வந்தார். முதல் வேலையாகக் காரின் நடுவில் முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வெல்டு பண்ணினார். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும், அதுக்கு முன்னாடி நிறுத்தினா மறுபடியும் இதே கதைதான் என்றார். சேஸில் ஒன்றரை முழம் வெட்டி எடுத்தாயிற்று. வெட்டிய முனையில் பளபளவென்று இரும்பு தெரிந்தபோது காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தேன். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. கூரையும் வலது பக்கச் சேஸும் நன்றாக இருக்கின்றனவாம். தேய்த்த கதவு மூலைகளுக்குத் திரும்பத் தகடு வைக்க வேண்டும். நாலு மாதமாகும். கார் பிழைத்துக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு அது வராது. இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

அக்கா பஸ்ஸிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கி, சம்பந்தியே ஓட்டுகிறாராம். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்பக்கத்தில் மூன்று பேர் உட்காரும் சீட்டைப் பிடித்து வைக்கிறேன் என்றார். ஜன்னல் ஓரம் உனக்கா மாப்பிள்ளைக்கா என்று நான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் வேணாம், அது காலியா இருக்கட்டும் என்றாள். சின்ன வயதில் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போகும்போது நீங்கள்தான் ஜன்னல் ஓரம் உட்காருவீர்களாம், காற்றடித்தால் அவளுக்குக் காது வலிக்கும் என்று.

இந்த உறையை நானே அஞ்சலகம் போய்ப் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். பள்ளிக்கு அரை நாள் போகவில்லை. படிப்பு கெடாது, பயப்பட வேண்டாம்.

லீவு கிடைத்ததா என்று அம்மா கேட்க மாட்டாள், அக்காவும் கேட்க மாட்டாள். நானும் கேட்கவில்லை. அந்தப் பாதையில் முப்பத்தேழு வளைவிலும் காற்று அதிகமாம், சம்பந்தி சொன்னார்.

உங்கள் உடம்பும் உங்கள் பயணமும் நலமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் சின்ன மகள்